ஏரிக்கரை அடியில் ஈரம் கசிகிறது, யாரிடம் சொல்வது?

கேள்வி: கொசப்பூர் பால்வீடு

எல்லோருக்கும் வணக்கம். நான் கொசப்பூரில் இருக்கிறேன். புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாயிலிருந்து மூன்றாவது தெரு எங்களுடையது. நான்கு கறவை மாடு, இரண்டு கன்று. காலையில் மாத்தூர் வரைக்கும் பால் ஊற்றுகிறோம்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இரண்டும் ஏரி சம்பந்தப்பட்டவைதான், ஆனால் வேறு வேறு ஏரி.

முதல் விஷயம். போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, மணி பதினொன்றரை இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு ஆண் குரல் வந்தது. "புழல் ஏரி உடைஞ்சிடுச்சு, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி ஆளுங்க எல்லாம் உடனே கிளம்புங்க." அவ்வளவுதான். யார், எங்கிருந்து என்று எதுவும் இல்லை. கரண்ட் வேறு கிடையாது. வீட்டுக்காரர் வண்டி ஓட்டப் போயிருந்தார். நானும் மாமியாரும் மாடுகளை அவிழ்த்து, மழையில் 200 அடி ரோடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனோம். செவலை அப்போது ஒன்பது மாதச் சினை. தரைப்பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடுவதைப் பார்த்து அது கால் வைக்கவே மாட்டேன் என்றது. மாமியார் தன் முந்தானையால் அதன் கண்ணை மூடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதில் பேசிப் பேசி அந்தப் பக்கம் கொண்டுபோனார். விடிந்து பார்த்தால் கால்வாயில் தண்ணீர் ஏறியிருந்தது, ஆனால் கரைக்குள்தான் ஓடியது. ஏரி உடையவில்லை. ஷட்டரைக் கூடுதலாகத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவே. செவலை ஒரு வாரம் முன்னாலேயே கன்று போட்டுவிட்டது. கன்று தங்கவில்லை.

அதனால் கேட்கிறேன். புழல் ஏரி உடையும் என்ற பயம் நிஜமா? செய்தியில் "விநாடிக்கு இத்தனை கன அடி" என்கிறார்களே, எத்தனை என்றால் மாட்டை அவிழ்க்க வேண்டும்?

இரண்டாவது விஷயம். அம்மா வீடு செங்குன்றம் தாண்டி உள்ளே. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரி. பெயர் வேண்டாம், ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். இந்த ஏரியை நம்பித்தான் ஊர் இருக்கிறது. துணி துவைப்பது, மாடு கழுவுவது, மீன் ஏலம், காலையில் கரைமேல் நடப்பது எல்லாம் அங்கேதான். அதில் தண்ணீர் நின்றால் எங்கள் கிணற்றில் பதினைந்து அடியில் தண்ணீர். 2019-ல் ஏரி வறண்டபோது கிணற்றின் அடிக்கல் தெரிந்தது. அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் மாட்டுத்தொட்டிக்கு எடுத்து வைத்தாள்.

இந்த ஏரிக்கரையின் வெளிப்பக்கம், அடியில், ஒரு இடத்தில் மட்டும் எப்போதும் ஈரம். ஒரு பாய் விரிக்கிற அளவுதான். சுற்றிலும் புல் காய்ந்து கிடக்கும் வைகாசியில்கூட அங்கே கோரை பச்சைப்பசேல் என்று நிற்கும். அம்மா கன்றுக்குப் புல் அறுப்பதே அங்கேதான். போன வாரம் நான் மிதித்தபோது கால் சொத்தென்று உள்ளே போனது. போன வருஷம் இவ்வளவு இளகி இருக்கவில்லை என்று அம்மா சொல்கிறாள். அப்பாவோ "அது என் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்" என்கிறார். கரைக்குக் கீழே பதினெட்டு வீடு இருக்கிறது.

இது பயப்பட வேண்டிய விஷயமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய லஸ்கர்

அம்மா, கன்று போனதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. நான் முப்பத்தோரு வருஷம் லஸ்கர் வேலை பார்த்தவன். ஷட்டர் ஏற்றி இறக்குவதும், மழைக்காலத்தில் ராத்திரியில் டார்ச்சோடு கரைமேல் நடப்பதும்தான் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன். உன் இரண்டாவது கேள்விதான் அவசரம், அதனால் முதலில் அதற்கு வருகிறேன்.

மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவே இல்லாத மண் கரையை நான் பார்த்ததில்லை. கசிகிற தண்ணீர் தெளிவாக வருகிறதா, மண்ணைக் கொண்டுவருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தெளிவாக வந்தால் கரை வியர்க்கிறது என்று அர்த்தம். கலங்கி வந்தால் கரையின் வயிற்றிலிருந்து மண் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் ஊசி அளவு ஓட்டை. மண் போகப் போக ஓட்டை பெரிதாகும், ஓட்டை பெரிதானால் இன்னும் வேகமாக மண் போகும். ஒரு நாள் மேலே நடந்துபோகிற பாதை திடீரென்று உள்வாங்கும். அதற்குப் பிறகு மனுஷன் கையில் எதுவும் இல்லை.

நீ செய்ய வேண்டியது இது. பழைய வெள்ளை வேட்டித் துணி ஒன்றை எடுத்துக்கொள். ஈரம் இருக்கிற இடத்தின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி, தண்ணீர் அதில் வந்து விழும்படி பண்ணு. குழியின் வாயில் துணியைக் கட்டி இரண்டு மணி நேரம் விடு. துணியில் என்ன தங்குகிறது என்று பார். அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வை. காலையில் பாட்டில் அடியில் மண் படிந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. ஈரத்தைச் சுற்றி நான்கு மூங்கில் குச்சி அடித்து வைத்துவிட்டு வா. அடுத்த வாரம் ஈரம் குச்சியைத் தாண்டினால் அதுவும் கெட்ட சேதி.

அப்புறம் முக்கியமாக ஒன்று. யாராவது ஆர்வத்தில் அந்தக் கசிவை வெளிப்பக்கமாகக் களிமண் வைத்து அடைக்க வந்தால் விடாதே. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஐப்பசியில், ஒரு சின்ன ஏரியில், ராத்திரி இரண்டு மணிக்குக் கரை அடியில் ஊற்று கிளம்பிவிட்டது. சோறு கொதிக்கிற மாதிரி மண்ணும் தண்ணீரும் குமிழ் விடுகிறது. ஊர்ப் பையன்கள் பத்துப் பேர் களிமண் உருண்டையைப் போட்டு மிதிக்கிறார்கள். இங்கே அடைத்தால் இரண்டடி தள்ளி அங்கே கிளம்புகிறது. எனக்கு மூத்த லஸ்கர் ஓடி வந்து எல்லோரையும் விலக்கினார். "தண்ணிய விடு, மண்ணைப் பிடி" என்று கத்தினார். ஊற்றின்மேல் முதலில் ஆற்று மணலைக் கொட்டச் சொன்னார். அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. சுற்றி இடுப்பளவுக்கு மணல் மூட்டையை வட்டமாக அடுக்கினோம், கிணற்றுக் கைப்பிடிச்சுவர் மாதிரி. உள்ளே தண்ணீர் ஏறி நின்றதும் குமிழ் அடங்கியது. மணலும் ஜல்லியும் வடிகட்டியாகி, விடியும்போது வெளியே வழிந்த தண்ணீரில் என் விரல் ரேகை தெரிந்தது. அவர் அதைக் கையில் அள்ளிக் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அடைப்பது என்றால் தண்ணீர்ப் பக்கம் அடைக்க வேண்டும், வெளிப்பக்கம் அல்ல. உள்ளே தேங்குகிற தண்ணீருக்கு வழி இல்லாமல் செய்தால் கரை ஊறி மொத்தமாகச் சரியும்.

சின்ன ஏரிதானே என்று விடுவதுதான் ஆபத்து. மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணை சின்னதுதான். 2019 ஜூலையில் ராத்திரியில் உடைந்து, கீழே இருந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

இனி புழலுக்கு வருகிறேன்.     புழல் முழுசாக நிரம்பினால் 21.20 அடி உயரம், 3300 மில்லியன் கன அடி தண்ணீர்.  கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து சோழவரம் ஏரிக்குத் தண்ணீர் வரும், அங்கிருந்து கால்வாயில் புழலுக்கு வரும். 1870-களில் சென்னைக்குக் குடிதண்ணீர் கொண்டுவரப் போட்ட வழி அது, இன்னும் ஓடுகிறது.

புழல் கரையை அடைமழையில் ஆள் போட்டுப் பார்க்கிறார்கள். முழு அளவுக்கு நிரப்பாமல் ஒன்றிரண்டு அடி காலி விட்டுத்தான் மழைக்காலத்தில் வைத்துக்கொள்வார்கள், பெரிய மழை வந்தால் வாங்கிக்கொள்ள. அதனால் அடிக்கடி ஷட்டர் திறப்பார்கள். ஏரி உடைந்துவிடாமல் இருக்கத்தான் திறக்கிறார்கள். அதையே "உடைஞ்சிடுச்சு" என்று எவனோ பேசி அனுப்பியிருக்கிறான்.

கன அடிக் கணக்கு சுலபம். விநாடிக்கு ஒரு கன அடி என்றால் 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. நம்ம பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய இரண்டு குடம். முதலில் 200 கன அடி என்று அறிவிப்பார்கள், அது நொடிக்கு நானூறு குடம். கேட்கப் பெரிதாக இருக்கும், கால்வாய்க்கு அது ஒன்றுமே இல்லை. 2000 கன அடி என்றால் 9000 லிட்டர் தண்ணீர் லாரி ஆறு, ஒவ்வொரு நொடியும் உன் தெரு முனையைத் தாண்டிப் போகிறது என்று நினைத்துக்கொள். அப்போது மாட்டை மேட்டில் கட்டு. ஆனால் கன அடிக் கணக்கை மட்டும் நம்பாதே. ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் 500-லேயே தெருவுக்குள் வரும், கால்வாய் சுத்தமாக இருந்தால் 1500-ம் கரைக்குள் போகும். எத்தனை கன அடி, கால்வாய் எப்படி இருக்கிறது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஷட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. 1977-ல் திண்டுக்கல் பக்கம் கொடகனாறு அணையில் வெள்ளம் வந்தபோது கரண்ட் போய்விட்டது. ஷட்டரை முழுசாகத் தூக்க முடியவில்லை. ஜெனரேட்டர் போட்டுப் பார்த்தார்கள், கையால் சுற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் கரைமேல் ஏறி, வெளிச்சரிவை அரித்து, அணையை அறுத்துக்கொண்டு போனது. 2021 நவம்பரில் ஆந்திராவில் அன்னமய்யா அணையிலும் ஒரு ஷட்டர் வேலை செய்யாமல் இருந்திருக்கிறது. அதனால்தான் நாங்கள் ஆடி பிறந்ததும் ஷட்டர் தண்டில் பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்து, புதுசு தடவி, ஒரு தடவை முழுசாக ஏற்றி முழுசாக இறக்குவோம். உன் அம்மா ஊர் ஏரி மதகையும் ஆடியில் யாராவது சுற்றிப் பார்க்கிறார்களா என்று கேள்.

பதில்: சடையங்குப்பம் அக்கா

தங்கச்சி, புழல் தண்ணீர் கடைசியில் வந்து சேருகிற இடத்தில் நான் இருக்கிறேன். எச்சரிக்கை அறிவிப்பில் நாரவாரிகுப்பம், வடகரை, புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி என்று வரிசையாகச் சொல்லி எங்கள் ஊரைக் கடைசியாகச் சொல்வார்கள். எங்களுக்கு எத்தனை கன அடி என்பதைவிடக் கடல் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

எண்ணூர் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தாலோ, புயலில் கடல் ஏறி நின்றாலோ, அமாவாசை பௌர்ணமி ஓதம் என்றாலோ ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போகாது, திரும்பி நிற்கும். அதே நேரம் பூண்டி ஏரியிலும் திறந்துவிட்டால் கொசஸ்தலை நிரம்பி வரும். இரண்டும் எங்கள் பக்கம் ஒன்றுசேரும். 2015-லும், 2023 மிக்ஜாம் புயலிலும் அப்படித்தான். மிக்ஜாமில் எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வீட்டுச் சுவரில் எண்ணெய்க் கறை ஏறி நின்றதை நீயும் பார்த்திருப்பாய்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். எங்கள் தெருப் பாலத்துத் தூணில் பெயின்டால் மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறோம். முதல் கோட்டுக்குத் தண்ணீர் வந்தால் அரிசி, ரேஷன் கார்டு, பிள்ளைகள் சர்டிபிகேட் எல்லாம் பரண்மேல். இரண்டாவது கோட்டுக்கு வந்தால் ஆடு, மாடு, வயசானவர்கள் பள்ளிக்கூட மாடிக்கு. மூன்றாவதற்கு நாங்கள் காத்திருப்பதில்லை. ராத்திரியில் இரண்டு பேர் முறை போட்டுத் தூணைப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் என்ன வந்தாலும் "கோடு எங்கே இருக்கு?" என்று கேட்போம். தூணைப் பார்த்தவன் சொன்னால்தான் நம்புவோம். உங்கள் தரைப்பாலத்திலும் போடுங்கள். ஒரு டப்பா பெயின்ட் செலவுதான்.

சென்னை மாநகராட்சிக்குள் இருந்தால் 1913-க்கு அடி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. வெள்ளம் வந்த பிறகு லைன் கிடைக்காது, முதல் கோட்டிலேயே பேசிவிடு.

பதில்: மூலக்கடை வக்கீல்

சட்டத்தைப் பற்றி யாராவது கேட்கலாம் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுக்கு நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகள் உண்டு. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஊர் ஏரிகள் பெரும்பாலும் அந்த உயரத்தைத் தொடுவதில்லை, அதனால் அந்த ஆய்வுக் கட்டாயம் அவற்றுக்கு வராது. ஆகவே எழுத்தில் கொடுங்கள். ஏரியைப் பராமரிக்கும் அலுவலகத்து உதவிப் பொறியாளருக்கு ஒன்று, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒன்று. கசிவின் புகைப்படம், தேதி, கீழே எத்தனை வீடு என்ற விவரம் மூன்றும் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

பதில்: செங்குன்றம் வலை

லஸ்கர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாங்கள் ஏரி மீன் பிடிக்கிற குடும்பம். கட்லா, ரோகு, ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். பல ஏரியில், நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்கி ஒரு அடி தண்ணீரைக் கூடுதலாக நிறுத்துகிறார்கள். மீன்காரர்கள்தான் வைக்கிறார்கள் என்று எங்களைத் திட்டுவார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கிணற்றுக்கு ஊற வேண்டும் என்று ஊர்க்காரர்களே வைப்பதும் உண்டு. நாங்கள் கலங்கலில் வலைதான் கட்டுவோம், மீன் வழிந்து போகாமல் இருக்க. தண்ணீர் வலையில் போய்க்கொண்டுதான் இருக்கும்.

பதில்: பழைய லஸ்கர்

தம்பி, மூட்டை யார் வைத்தாலும் தப்புதான். கரைக்கும் கலங்கலுக்கும் நடுவில் இரண்டு மூன்று அடி உயர வித்தியாசம் வைத்துத்தான் கட்டியிருப்பார்கள். அலை அடிக்கவும் பெரிய மழையை வாங்கவும் அந்த இடம் வேண்டும். ஒரு அடி மூட்டை வைத்தால் அதில் பாதியைத் தின்றுவிடுகிறோம். வலை விஷயத்தில் நீ சொல்வது பாதி சரி. பெருமழையில் அந்த வலையில் செத்தையும் ஆகாயத்தாமரையும் வந்து அப்பிக்கொண்டு சுவர் மாதிரி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரி அரிவாளால் நானே அறுத்துவிட்டிருக்கிறேன், அந்த வலைக்காரர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. மழை வரும்போது மட்டும் அவிழ்த்துவிடுங்கள், போதும்.

பதில்: செங்குன்றம் வலை

சரி ஐயா. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கட்ட மாட்டோம். ஏலம் எடுத்தவரிடமும் பேசுகிறேன்.

கேள்வி கேட்டவர்: கொசப்பூர் பால்வீடு

ஐயா, நேற்று அம்மா வீட்டுக்குப் போய் நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். இரண்டு மணி நேரத்தில் துணியில் பெரிதாக எதுவும் தங்கவில்லை, லேசாகப் பழுப்பு அவ்வளவுதான். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் பாட்டிலை ராத்திரி சாமி மாடத்தில் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடியில் கேழ்வரகு மாவு மாதிரி மெல்லிசாக மண். விரலில் தொட்டால் நறநறவென்று இல்லை, வழவழ என்று இருக்கிறது. சிவப்பு நிறம். கரை மண்ணும் அதே நிறம்தான்.

பாட்டிலைக் காட்டியதும் அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்னால் பெரியப்பா கரைக்குக் கீழே கீரைத் தோட்டம் போட்டிருந்தாராம். முளைக்கீரை, தண்டுக்கீரை கட்டுக் கட்டாகக் கொத்தவால்சாவடிக்கும் பிறகு கோயம்பேட்டுக்கும் போகும். அதற்குத் தண்ணீர் எடுக்கக் கரையைக் குடைந்து ஒரு சிமென்ட் பைப் புதைத்திருக்கிறார். தோட்டத்தை விற்றபோது பைப்பை எடுக்கவில்லை, வாயில் சாக்கை அடைத்து மண் போட்டு மூடிவிட்டார்கள். அது இந்த இடத்துக்கு நேர் உள்ளே இருக்கும் என்கிறார். ஊரில் யாருக்கும் இது தெரியாது. பெரியப்பா இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. அப்பாவுக்குச் சொல்ல அவ்வளவு கூச்சம், அண்ணன் பெயர் கெடுமே என்று.

பதில்: பழைய லஸ்கர்

திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதே அம்மா. பாட்டிலை எடுத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு நாளைக் காலையிலேயே பொறியாளரைப் போய்ப் பார். அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல், அவர் சொன்னது பெரிய உதவி. பைப் இருக்கிறது என்று தெரியாமல் தோண்டினால் பத்து இடம் தோண்டிக் கரையைக் கெடுப்பார்கள்.

நடப்பது என்னவென்றால், பைப்புக்கு உள்ளே தண்ணீர் வராவிட்டாலும் பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் இறுக்கம் இருக்காது. வட்டமான பைப்புக்கு அடியில் மண்ணை யாரும் சரியாக இடித்திருக்க மாட்டார்கள். தண்ணீர் அந்த இடுக்கைப் பிடித்துக்கொண்டு வரும். இத்தனை வருஷம் வெறும் தண்ணீர் வந்தது, இப்போது மண்ணும் வர ஆரம்பித்திருக்கிறது. உன் அப்பா சொன்னதும் சரி, அம்மா சொன்னதும் சரி.

சரி செய்ய ஒரே வழி, ஏரித் தண்ணீரை மதகு வழியாக மெதுவாக இறக்கி, கரையை அந்த இடத்தில் மேலிருந்து வெட்டி, பைப்பை முழுசாக எடுத்துவிட்டு, களிமண் கலந்த மண்ணை முக்கால் அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து மேலே கொண்டுவருவது. மெதுவாக என்பதை மறக்காதே. ஒரேயடியாகத் தண்ணீரை இறக்கினால் ஊறிப்போன உள்பக்கச் சரிவு சரிந்து விழும். இது ஆனி மாதம், நேரம் இருக்கிறது. அதுவரை ஈரத்தின்மேல் மணலும் ஜல்லியும் போட்டு வையுங்கள். கரைமேல் டிராக்டர் போக விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: கொசப்பூர் பால்வீடு

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வேலை முடிந்து ஒரு வாரம் ஆகிறது.

பொறியாளர் ஒரு சின்ன வயசுப் பெண். பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அன்று மத்தியானமே வந்தார். அப்பா கரைமேல் நின்று கைத்தடியால் கோடு போட்டுக் காட்டினார். பைப் அந்தக் கோட்டிலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை. வெட்டி எடுத்தபோது பைப்பின் அடிவயிற்றில் என் முழங்கை வரைக்கும் போகிற ஒரு பொந்து. உள்ளே மண் ஈரமாக, கூழ் மாதிரி. அதைப் பார்த்த பிறகுதான் பதினெட்டு வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். பெரியப்பாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்வீட்டுத் தாத்தா மட்டும் "அவன் கீரை நாங்க எல்லாரும் தின்னதுதான்" என்றார்.

மண் இடிக்கும்போது அப்பா ஒரு நாள்கூட வீட்டில் இருக்கவில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் குதிகாலால் மிதித்துப் பார்த்து, இன்னும் இரண்டு தடவை இடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மதகு ஷட்டரும் இதோடு கழற்றி கிரீஸ் போட்டாயிற்று. கொசப்பூரில் தரைப்பாலத்தில் நானும் மாமியாரும் மூன்று கோடு போட்டுவிட்டோம் அக்கா, சிவப்பு பெயின்ட்.

நேற்றைக்குப் போய்ப் பார்த்தேன். ஏரியில் ஏழடித் தண்ணீர் இருக்கிறது. கரை அடியில் மண் வெடித்துக் காய்ந்திருக்கிறது, மூங்கில் குச்சி நான்கும் அப்படியே நிற்கிறது. கோரை மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. அம்மா கன்றுக்குப் புல் அறுக்க இப்போது கலங்கல் பக்கம் போகிறாள்.